ஸ்பேனரை நாமே எடுக்கலாமா?

கேள்வி: காலையில் கார் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. பேட்டரி வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே ஏதாவது பார்க்க முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கழற்றச் சொல்வதற்கு முன் பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை, அதாவது வயர் மாட்டியிருக்கும் முனையைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி, டெர்மினல் பக்கம்தான் கோளாறு. வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டக்' வந்தால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வோல்ட் அளக்க சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், பல வருடம் உழைக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் செல்ஃப் எடுப்பது சந்தேகம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அது வராவிட்டால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகிக்கலாம். புது பேட்டரி போட்டாலும் சில நாளில் படுத்துவிடும்.

டெர்மினலைச் சுத்தம் செய்ய பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வில் கை வைக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் முன்பே கழன்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. வெந்நீரில் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை உரசுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, வெளிப்புறத்தில் மட்டும். கடிகாரத்தை மறுபடி சரி செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரேக் பேட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வீடியோ பார்த்து நானே மாற்றிவிடலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வேண்டாம். நம் கை தவறினால் வண்டி கிளம்பாமல் போகுமா, நிற்காமல் போகுமா என்று பாருங்கள். இது இரண்டாவது வகை. பேட்டைக் கழற்றுவது சுலபம். வீடியோவும் அதைத்தான் காட்டும். பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் பொங்கி வழிந்து பெயிண்ட்டை அரிப்பதும், பேட் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் வைக்காததால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்வதும் பிறகுதான் தெரியவரும். மாட்டி முடித்ததும் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வைக்காமல் வண்டியை எடுத்தால், முதல் மிதி தரை வரை போகும். ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்ப்பது இதையெல்லாம்விட மோசம். பேட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலி கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைக்கிறாரா என்பதில் கண் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் பயமில்லாமல் எதைத் தொடலாம்? (வாசகர், கடலூர்)

பதில்: ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, ஃபியூஸ், பல வண்டிகளில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர். ஏசி ஃபில்டரில் அம்புக்குறி போட்டிருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டு பிறகு உருவுங்கள்.