இசைக் கேள்வி பதில்: மடத்தில் பழகிய குரல்

கல்லூரி மாணவி, அரூர்: ஏ.ஆர். ரஹ்மானின் 'ஜரியா' பாட்டில் மொட்டைத் தலையும் துறவி உடையுமாக ஒருவர் பாடுகிறாரே, யார் அவர்? தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் பாடினாரா?

அவர் பெயர் ஆனி சோயிங் டோல்மா. 1971-ல் காத்மாண்டுவில், திபெத்திலிருந்து தஞ்சம் வந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் அடி உதை தாங்காமல், கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்து, சிறு வயதிலேயே நாகி கோம்பா என்ற பௌத்தப் பெண் துறவியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். குரு, துல்கு உர்கியேன் ரின்போச்சே. பாடக் கற்றுக்கொடுத்தது குருவின் மனைவி.

மடத்தில் கற்ற பாட்டு, 'சோ' என்ற வழிபாட்டுக்கு உரியது. 'நான்' என்ற பற்றை வெட்டி எறிவதற்கான வழிபாடு அது. ஒரு கையில் டமரு, மறு கையில் மணி. நம் பக்கத்து மாரியம்மன் பண்டிகையில் உடுக்கை பார்த்திருப்பீர்கள். டமருவும் இடுப்பு ஒடுங்கிய அதே ஜாதிதான். ஆனால் உடுக்கைக்கு இரண்டு கையும் வேண்டும்: ஒன்று பிடித்து அழுத்த, மற்றொன்று அடிக்க. டமருவில் கயிற்றில் கட்டிய குண்டுகள் தொங்கும். மணிக்கட்டைத் திருப்பினால் அவையே போய்த் தோலில் மோதும். அதனால்தான் மணி அடிக்க ஒரு கை மிஞ்சுகிறது.

1990-களில் மடத்துக்கு வந்த அமெரிக்க கிதார் கலைஞர் ஸ்டீவ் டிபெட்ஸ் இந்தப் பாட்டைக் கேட்டு அசந்துபோய்ப் பதிவு செய்தார். அது 1997-ல் 'சோ' என்ற பெயரிலேயே ஆல்பமாக வந்தது. அதில் ஓதல்தான் முன்னால் நிற்கும், கிதார் அடியில் ஓடும். 2004-ல் இருவரும் சேர்ந்து செய்த 'செல்வா' ஆல்பத்தில் வாத்தியங்களும் தாளமும் கூடிவிட்டன. அப்புறம் 'பூல்கோ ஆங்காமா' என்ற நேபாளிப் பாட்டு. மடத்துக்குள் இருந்த குரல் அந்தப் பாட்டோடு நேபாளத்தின் வீடுகளுக்குள் போய்விட்டது. 2013-ல் ரஹ்மானின் 'ஜரியா'. அதில் ஜோர்டானியப் பாடகி ஃபரா சிராஜும் சேர்ந்து பாடினார்.

நான் கேட்டவரையில், அவர் பாடும் முறையில் பெரிய மாற்றம் இல்லை. நாம் பழகிய பிருகா (குரலை வேகமாக உருட்டுவது), சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) எதையும் தேடாமல், ஒரு ஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நேராக நிற்கிறார். சுற்றியுள்ள வாத்தியம் மாறியது, மொழி மாறியது, அந்த நிற்றல் மாறவில்லை. நேபாளிப் பாட்டில் மட்டும் குரல் இளகி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

ஆசிரியர், ஊத்தங்கரை: பாட்டெல்லாம் அவரே எழுதுவதா?

பெரும்பாலும் இல்லை. பழைய ஓதல்கள் மரபில் வருபவை. 'பூல்கோ ஆங்காமா'வை எழுதியவர் கவிஞர் துர்கா லால் ஷ்ரேஸ்தா, இசை ந்யூ பஜ்ராச்சார்யா. பூவின் கண்ணுக்கு உலகமே பூவாகத் தெரியும் என்பது பாட்டின் கரு.

வாசகி, பென்னாகரம்: துறவி மேடையேறிக் காசு வாங்கிப் பாடலாமா?

பௌத்தத் துறவியர் ஆடல் பாடலிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று விநயம் என்ற துறவியர் ஒழுக்க விதி இருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2000-ல் இளம் பெண் துறவியருக்காக ஆர்ய தாரா பள்ளியைத் தொடங்கினார். மந்திரத்தோடு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அம்மாவைச் சிறுநீரக நோய்க்குப் பறிகொடுத்தவர், ஏழை நோயாளிகளுக்காக அறக்கட்டளையும் நடத்துகிறார்.

நம் தருமபுரிப் பக்கம் பத்தாவது முடிப்பதற்குள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. என்னிடம் பாட்டு கற்ற ஒரு பெண்ணுக்கு மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப' வரை தெளிவாக இறங்கும் குரல். பரீட்சைக்கு முன்பே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. ஒரு பெண்ணின் பாட்டு பல பெண்களைப் பள்ளியில் உட்கார வைக்கிறது என்றால், அந்த மேடையில் எனக்குக் குறை தெரியவில்லை.

வாசகர், ஓசூர்: இவரைப்போல் துறவியான பாடகர் மேலை நாட்டில் உண்டா?

கனடாவின் லியனார்ட் கோஹன். பாட்டெழுதிப் பாடிப் புகழ் பெற்ற பிறகு, கலிபோர்னியா மலையில் ஒரு ஜென் பௌத்த மடத்தில் சில ஆண்டுகள் தங்கி, 1996-ல் துறவியாகத் தீட்சை பெற்றார். தன் யூத மதத்தையும் விடவில்லை. 2001-ல் 'டென் நியூ சாங்ஸ்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது, குரல் கிட்டத்தட்ட பேச்சளவுக்குத் தாழ்ந்திருந்தது.

வாசகர், காவேரிப்பட்டணம்: ஆனி சோயிங்கை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 'பூல்கோ ஆங்காமா', பிறகு 'ஜரியா'. காது பழகியதும் 'சோ'வுக்குப் போங்கள். அதைச் செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், கிதாரின் கீழ் ஸ்வரங்கள் காதிலேயே விழாது.