அந்த மேஜையில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து

கேள்வி: 1980களில் ஹாலிவுட் டீன் ஏஜ் படங்களில் கலக்கிய 'பிராட் பேக்' நடிகர்கள், கூத்தும் கும்மாளமுமாகத் திரிந்து கிடைத்த பெயரைக் கோட்டைவிட்டவர்கள்தானே? நம் இதழும் இன்றைய இளம் நடிகர்களுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் சூட்டினால் என்ன?
- வாசகர், தேனி

பதில்: சூட்ட மாட்டோம். அந்தப் பெயர் பிறந்த கதையைக் கேட்டால் நீங்களும் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

1985இல் 'நியூயார்க்' பத்திரிகைக்காக டேவிட் ப்ளம் என்ற நிருபர் எழுதப் போனது எமிலியோ எஸ்டவெஸ் என்ற ஒரே ஒரு நடிகரைப் பற்றி. லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இரவு, ஹார்ட் ராக் கஃபேயில் எஸ்டவெஸும் ராப் லோவும் ஜட் நெல்சனும் குடித்துப் பேசிக்கொண்டிருக்க, ரசிகைகள் வந்து மொய்த்தார்கள். கூடவே இருந்து பார்த்த ப்ளம், ஒருவரைப் பற்றிய கட்டுரையை ஒரு கும்பலைப் பற்றியதாக மாற்றிவிட்டார். பாடகர்-நடிகர்களான சினாட்ரா, டீன் மார்ட்டின் கூட்டத்துக்கு முன்பு இருந்த 'ராட் பேக்' என்ற பெயர் நினைவுக்கு வரும்படி, 'பிராட் பேக்', அதாவது அடங்காப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார். ஜூன் 10 இதழின் அட்டைப்படக் கட்டுரை அதுதான்.

பெயர் அந்த மேஜையோடு நிற்கவில்லை. அங்கே இல்லாத மோலி ரிங்வால்ட், ஆலி ஷீடி, டெமி மூர் என்று அந்தச் சமயத்தில் இளசுகளாக நடித்துக்கொண்டிருந்த எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. ரிங்வால்டுக்கு அப்போது வயது 17! ஆண்ட்ரூ மெக்கார்த்திக்கு நடந்தது இன்னும் கொடுமை. கட்டுரையில் அவருக்குக் கிடைத்தது ஓரிரு வரி, அதுவும் இவர் தேற மாட்டார் என்று சக நடிகர் ஒருவர் சொன்னதாக. பல்லாண்டு அதை மனதில் சுமந்தவர், 2024இல் 'பிராட்ஸ்' என்று ஓர் ஆவணப்படமே எடுத்து, அதில் ப்ளம்மை நேரில் சந்தித்துக் கேட்கிறார்.

எனக்கு ஆத்திரம் வருவது எதனால் தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் உழைப்பைப் பார்க்கவிடாமல் இந்தப் பெயர் குறுக்கே நின்றது. 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' பாருங்கள். சனிக்கிழமையன்று பள்ளி நூலகத்தில் தண்டனையாக உட்காரவைக்கப்பட்ட ஐந்து மாணவர்கள். படம் முழுக்கப் பேச்சுதான். அதில் படிப்பாளிப் பையனாக வரும் ஆன்டனி மைக்கேல் ஹால், தரையில் உட்கார்ந்து ஒரு யானை விளக்கைப் பற்றிச் சொல்வார். கைத்தொழில் வகுப்பில் அவன் செய்தது. தும்பிக்கையை இழுத்தால் எரிய வேண்டும்; எரியவில்லை, ஃபெயில். அந்த ஒரு பாடத்துக்காகச் சாகத் துணிந்தவன் அவன் என்று அப்போதுதான் நமக்குப் புரியும். ஹாலுக்குப் படப்பிடிப்பின்போது 16 வயதை ஒட்டித்தான் இருக்கும். அந்த வயதில் அந்தக் காட்சியைத் தாங்கிய பையனையும் 'அடங்காப் பிள்ளை' கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அந்தப் படங்களை விமர்சிக்கவே கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகளிடம் பையன்கள் அத்துமீறுவதை அவை எவ்வளவு சர்வசாதாரணமாகக் காட்டின என்று ரிங்வால்டே 2018இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். தான் நடித்த படத்தையே மறுபடி பார்த்து, காட்சியை எடுத்துவைத்து எழுதினார். அப்படி எழுதுங்கள், அட்டையிலேயே போடுகிறேன்.

கோட்டைவிட்டார்கள் என்பதும் தவறு. டெமி மூரின் பெயர் 2025இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இருந்தது. எஸ்டவெஸ் படங்கள் இயக்கினார். தேற மாட்டார் என்று சொல்லப்பட்ட மெக்கார்த்தி, தொலைக்காட்சித் தொடர்களை இயக்கியதோடு பயண எழுத்தாளராகவும் பெயர் வாங்கினார்.

இங்கே இப்போதுதான் இரண்டாவது, மூன்றாவது படத்தில் நடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஒரே பெயரில் கட்டிவைக்கச் சொல்கிறீர்கள். இந்தப் பக்கங்களில் அவர்கள் அவரவர் பெயரில், அவரவர் நடிப்புக்காகத்தான் வருவார்கள்.