பாடி எது, பிளாஷ் எது: கல்யாணப் போட்டோகாரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் 21 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். தொழிலுக்கு எந்தப் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), எந்தப் பிளாஷ் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். லென்ஸ் பற்றி வந்தவை இன்னொரு நாளைக்கு.

லிந்தாங் பக்கமிருந்து ஒரு தம்பி: அண்ணே, 8,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். மாமா கொடுத்த கேனன் இஎஃப் 24-70 லென்ஸ் இருக்கிறது. நல்ல பாடி ஒன்று வாங்கிவிட்டால் கல்யாண வேலைக்கு இறங்கிவிடலாமா?

பாடி மட்டும் போதாது தம்பி. அந்த 8,000ல் 5,000க்கு மேல் பாடிக்குப் போகக்கூடாது. கைமாறிய கேனன் ஆர்6 ஒன்று பாருங்கள். 2020ல் வந்தது, 20 மெகாபிக்சல். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 18க்கு 12 அங்குலம் தாராளமாக வரும். நாம் போடும் ஆல்பத்தின் அளவே அதுதான். மாமா கொடுத்த லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டலாம், போகஸ் ஒழுங்காக வேலை செய்யும். அடாப்டரே வேண்டாம் என்றால் கேனன் 5டி மார்க் 4. மீதிப் பணத்தில் பிளாஷ் இரண்டு, அவற்றைத் தூரத்திலிருந்து எரிய வைக்கும் டிரிகர் ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, ஒளியைப் பரப்பும் வெள்ளைக் குடை இரண்டு, கூடுதல் பேட்டரி.

ஏன் இந்த இரண்டு பாடி? இரண்டிலும் படம் பதிவாகும் கார்டு போட இரண்டு இடம் இருக்கிறது. சோனிக்குப் போனால் ஏ7 மார்க் 3, நிக்கானுக்குப் போனால் இசட்6 மார்க் 2. அவற்றிலும் இரண்டு உண்டு. இதை நான் கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2011ல் ஒரு தோட்டக் கோயிலில் கல்யாணம். என் கையில் 5டி மார்க் 2. அதில் ஒரே கார்டுதான் போட முடியும். இரவு வீட்டுக்கு வந்து கணினியில் செருகினால், கார்டை ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. மூன்று நாள் மென்பொருள் போட்டுத் தோண்டியதில் மாப்பிள்ளை அழைப்பும் பந்தியும் கிடைத்தன. தாலி கட்டியது மட்டும் கிடைக்கவே இல்லை. நேரில் போய்ச் சொன்னேன். பெண்ணின் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். காலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், கை விரல்களில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. "ஒரு படம்கூட இல்லையா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் படத்தைக் கொடுக்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகாத பாடியைத் தொழிலுக்குத் தொட்டதில்லை.

ஈப்போவிலிருந்து ஒரு தங்கை: டிடிஎல்லில் வைத்துத்தான் அடிக்கிறேன். ஆனால் மாப்பிள்ளை முகம் கருத்துப் போகிறது, வேட்டி மட்டும் பளீரென்று இருக்கிறது. பிளாஷ் கோளாறா?

பிளாஷில் கோளாறு இல்லை தங்கச்சி. டிடிஎல் என்றால் பிளாஷ் முதலில் சின்னதாக ஒரு முறை மின்னும், திரும்பி வரும் ஒளியைப் பாடி அளக்கும், அதை வைத்து உண்மையான அடியைத் தீர்மானிக்கும். எதிரே வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் நிறைந்திருந்தால் நிறைய ஒளி திரும்பும். வெளிச்சம் அதிகம் என்று பாடி நினைத்து அடியைக் குறைத்துவிடும். முகம் கருக்கும். சரிகை அதிகமுள்ள பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

பிளாஷ் அளவை மட்டும் 2/3 அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). இல்லையென்றால் முகத்தை நடுவில் வைத்து பிளாஷ் லாக் பட்டனை அழுத்தி, பிறகு படத்தை அமைத்து அடியுங்கள். மேடையில் இடம் மாறாமல் 300 குடும்பப் படம் எடுக்கும்போது டிடிஎல்லே வேண்டாம், பவரை நாமே வைக்கும் மேனுவலில் வைத்துவிடுங்கள். வருகிறவர் என்ன நிறத்தில் உடுத்தி வந்தாலும் முகம் ஒரே மாதிரி விழும்.

அப்புறம் சுவரைப் பாருங்கள். நம் கோயில் மண்டபச் சுவர்களுக்கு இளநீலமும் ரோஸும் அடித்திருப்பார்கள். பிளாஷைத் திருப்பி அதில் மோதவிட்டால் அந்தப் பெயின்ட் நிறம் அப்படியே முகத்தில் வந்து உட்காரும். கூரை ஜிங்க் தகடாக உயரத்தில் இருந்தால் மேலே அடிப்பதும் வீண். அங்கே குடைதான்.

கேனன் ஆர்8 வாங்கலாமா என்று ஒருவர்: படத் தரம் ஆர்6 மார்க் 2 போலவே என்கிறார்கள்.

ஒளியைப் படமாக்கும் சென்சார் நல்லது. கார்டு இடம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு வேண்டாம்.

சலாக் நோர்த்திலிருந்து ஒரு மாணவர்: கேனன் 1500டி வைத்திருக்கிறேன். மலிவாக ஒரு மேனுவல் பிளாஷ் வாங்கினேன். மாட்டினால் எரியவே இல்லை. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள் தம்பி. உங்கள் பாடியின் தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய வட்டப் புள்ளி இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனிப் பிளாஷையும் எரிய வைப்பது அதுதான். 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் கேனன் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டது. அதனால் ஒற்றைப் புள்ளி மேனுவல் பிளாஷும் மலிவு டிரிகரும் அவற்றில் எரியாது. கேனனின் டிடிஎல்லான இ-டிடிஎல் மொழி பேசுகிற பிளாஷ் வேண்டும். வாங்குமுன் உங்கள் பாடியையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டி அடித்துப் பாருங்கள்.

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: தம்பி, பிளாஷ் பிளாஷ் என்று ஏன் பிள்ளைகளைச் செலவு செய்ய வைக்கிறீர்கள்? இன்றைய பாடிகள் ஒளியுணர்வைக் கூட்டி 12,800 ஐஎஸ்ஓவில் வைத்தாலும் சுத்தமாக எடுக்கின்றன. இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதுதான் கலை. பிளாஷ் அடித்தால் சடங்கின் அமைதி கெடுகிறது.

ஐயா, பாதிக்கு நான் உங்கள் பக்கம். ஹோமத் தீ எரியும்போது, விளக்கு ஏற்றும்போது, அம்மா பொண்ணுக்குத் திருஷ்டி கழிக்கும்போது நானே பிளாஷை அணைத்துவிடுகிறேன். தீ வெளிச்சத்தில் நம் தோலுக்கு வரும் செம்பு நிறத்தை எந்தப் பிளாஷாலும் கொடுக்க முடியாது.

ஆனால் மேடைக்கு வாருங்கள். பத்து வருடத்துக்கு முன் அங்கே மஞ்சள் பல்பும் டியூப் லைட்டும் இருந்தன. இப்போது ஊதா, நீல எல்இடி. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். நம் தோலின் உயிர் சிவப்பில் இருக்கிறது. நீல எல்இடியில் சிவப்பு ஒளி ஏறக்குறைய இல்லவே இல்லை. இல்லாத ஒளியை ஐஎஸ்ஓவால் கூட்ட முடியாது, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்து இழுக்கவும் முடியாது. கன்னம் ஒரு நீலத் திட்டாகத் தட்டையாகிவிடும், மூக்கின் மேடு பள்ளம்கூடத் தெரியாது. வெள்ளைத் தோலுக்காவது ஏதோ மிஞ்சும். கறுப்பான நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதே ஆசிரியர்: கறுப்புத் தோலை வெளுத்துக் காட்டத்தான் பிளாஷ் என்று ஆகிவிட்டதே. ஸ்டூடியோக்காரர்கள் பண்ணுகிற அநியாயம் அது.

அந்தக் கோபம் நியாயம், எனக்கும் உண்டு. "பொண்ணை நாலு ஷேடு வெளுப்பாக்கிக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முடியாது என்று சொல்லி வேலையை விட்டிருக்கிறேன். படச்சுருள் காலத்திலிருந்தே இந்தத் தொல்லை. கோடாக் அச்சுக் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயரே உண்டு. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அச்சடித்தார்கள். என் பாட்டியின் பழைய கல்யாணப் படங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதற்குப் பாட்டியின் நிறம் காரணமில்லை.

வெளுக்க வைப்பது பிளாஷ் இல்லை ஐயா, கேமரா தலையில் வைத்து நேராக அடிப்பதுதான். கறுப்புத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய குடையைப் பக்கவாட்டில், 45 பாகையில் வையுங்கள். கன்ன எலும்பின் மேல் ஒளி வழுக்கிக்கொண்டு போகும், தாடைக்குக் கீழே நிழல் தானாக இறங்கும், நிறம் நிறமாகவே நிற்கும். போன தைமாதம் ஒரு பொண்ணுக்கு இப்படி எடுத்துப் பின்திரையில் காட்டினேன். "இது நான்தான்" என்றாள். அந்தப் படத்தில் திருத்தம் ஒன்றுகூடச் செய்யவில்லை.

இன்னொருவர், பீடோரிலிருந்து: ஆசிரியர் சொல்வது சரி. நான் எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமே இல்லாமல் எடுக்கிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருக்கும் மண்டபத்தில் எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறுக்கே கோடு கோடாகப் பட்டை விழுந்திருக்கும். அந்த விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் சில வரி வெளிச்சத்தில் சிக்கும், சில வரி இருட்டில். சாதாரண டியூப் லைட்டும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. அதற்கு 1/100 அல்லது 1/50 ஷட்டர் வைத்தால் சரியாகிவிடும், திரைக்கு ஆகாது. தவிர, பெரும்பாலான பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டரில் பிளாஷ் எரியாது. சோனி ஏ9 மார்க் 3 போல சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் பாடி வேறு விஷயம், அந்த விலைக்கு நம் ஊரில் எத்தனை கல்யாணம் எடுக்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

அதே ஆசிரியர்: சரி தம்பி, முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேத்தி கல்யாணம் வருகிறது, மண்டபத்தில் ஊதா விளக்குதான். என்னதான் செய்வீர்கள்? கணக்காகச் சொல்லுங்கள்.

மேடையின் இரண்டு ஓரத்திலும் ஸ்டாண்டில் ஒவ்வொரு பிளாஷ், ஆள் உயரத்துக்கு மேலே, குடையுடன். 1/8 பவர், ஐஎஸ்ஓ 800, லென்ஸ் துளை எஃப்/4, ஷட்டர் 1/160. 35 மிமீ ஜூமில், முழு பவரில், ஐஎஸ்ஓ 100ல் கைடு நம்பர் (பிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 36 உள்ள பிளாஷ் என்று வைத்துக்கொண்டால், இந்த அமைப்பில் நேராக அடித்தால் 9 மீட்டர் எட்டும். குடை இரண்டு ஸ்டாப் தின்னும், பாதி தூரம் மிஞ்சும். நாலு மீட்டருக்குள் நிறுத்துங்கள். ஷட்டரை 1/200க்குக் கொண்டுபோனால் ஊதா இன்னும் குறையும், பிளாஷ் குறையாது. பவர் 1/8 என்பதால் அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டாம், சூடும் ஏறாது. பேத்திக்கு என் வாழ்த்து.

ஒருவர்: கேனன் ஆர்பி மலிவாகக் கிடைக்கிறது, தொழிலுக்கு ஆகுமா?

ஒரு கார்டு. மேலே இருக்கும் 2011 கதையைப் படியுங்கள்.

இன்னொருவர்: நிக்கான் இசட்6 முதல் மாடல்?

அதுவும் ஒரு கார்டுதான். இனிமேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். கடையில் பாடியின் கார்டு கதவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

கேனனா, நிக்கானா, சோனியா? (ஏழு பேர்)

உங்கள் பட்டணத்தில் அவசரத்துக்கு இரவல் கொடுக்கும் நண்பர் எதை வைத்திருக்கிறாரோ அது.

தாமான் பக்கமிருந்து ஒரு தம்பி: தாத்தா விட்டுப்போன பழைய விவிட்டார் 283 இருக்கிறது. புது மிரர்லெஸ்ஸில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். ஆரம்ப காலத்து 283களில் பிளாஷின் காலில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். புது பாடியின் உள்சுற்று எரிந்து போகலாம். தாத்தாவின் பொருளை எறியவும் வேண்டாம். ஒளியைப் பார்த்து எரிய வைக்கும் ஸ்லேவ் கண் ஒன்று வாங்கி அதில் மாட்டி, தூரத்தில் பின்வெளிச்சமாக வையுங்கள். பாடியோடு கம்பி தொடர்பு இல்லாதவரை ஆபத்தில்லை.

ஒரு தங்கை: ரப்பர் பால்மரக் காட்டில் பகலில் ஜோடிப் படம் எடுக்கிறேன். முகம் பச்சையாக வருகிறது.

இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் பச்சைதான், பாடி என்ன செய்யும்? முகத்துக்கு மட்டும் குடைப் பிளாஷ் கொடுங்கள், தோல் திரும்பிவிடும். காட்டின் ஓரத்தில், திறந்த வெயிலில் நிறுத்தினால் வேறு சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 என்றால் ஷட்டர் 1/3200 கேட்கும். சாதாரணப் பிளாஷ் 1/200 வரைதான் முழுப்படத்தையும் நனைக்கும், அதைத் தாண்டினால் கறுப்புப் பட்டை. வேக ஷட்டரிலும் பிளாஷை எரிய வைக்கும் எச்எஸ்எஸ் முறை போட்டால் பட்டை போகும், பிளாஷின் பலமும் பாதிக்கு மேல் போய்விடும். அதற்கு 200 வாட்-செகண்ட் அளவில் ஒரு பேட்டரி லைட் வேண்டும். அது இல்லாதவரை காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

டிரோன் உரிமம் பற்றி மூன்று பேர்: மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேளுங்கள். என் துறை இல்லை.

தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலில் எடுக்கப் போகும் ஒருவர்: காவடிக்குப் பிளாஷ் எடுத்துப் போகலாமா?

ஒன்று போதும், ஸ்டாண்ட் வேண்டாம், கூட்டம் தட்டிவிடும். கூட வரும் தம்பி ஒருவர் கையில் குச்சியில் கட்டிப் பிடிக்கட்டும். அருள் வந்து நிற்பவரின் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள், பக்கத்திலிருந்து மட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்க வேண்டாம், லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் மூடியே தோளில் மாட்டிக்கொண்டு நடங்கள். வீடு திரும்பியதும் பாடியையும் லென்ஸையும் துடைத்து, ஈரப்பதம் 40லிருந்து 50க்குள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை நூல் விடும்.