தகடூர் கடைத்தெருவும் கடன் நோட்டும்

அண்ணா வணக்கம், எனக்கும் தருமபுரிதான். நம்ம ஊரோட பழைய பேரான தகடூர்னு எழுதும்போதெல்லாம் அதியமான், ஔவை, நெல்லிக்கனின்னு அதோட நிறுத்திடுறீங்க. எங்க பெரியப்பா போன மாசம் மளிகைக் கடையை மூடிட்டாரு. சூப்பர் மார்க்கெட் வந்து எல்லாத்தையும் முழுங்கிடுச்சு. இதெல்லாம் வரலாறு இல்லையா?

தம்பி,

வரலாறுதான், அதுல என்ன சந்தேகம். 1981ல ஜம்பைக் கல்வெட்டு கெடச்சு அதுல அதியன் நெடுமான் அஞ்சின்னு பேர் இருந்ததும் எல்லாரும் கொண்டாடுனோம், அசோகர் கல்வெட்டுல சேர சோழ பாண்டியரோட சேர்த்து வர்ற சத்தியபுத்திரர் யாருன்றதுக்கே அதுலதான் பதில் வந்துச்சு, கொண்டாட வேண்டியதுதான். ஆனா நம்ம தருமபுரியிலயே இந்தப் பக்கம் ஆண்ட நுளம்பர்ன்ற அரச வம்சத்துக் காலத்துத் தூண் கல்வெட்டு ஒண்ணு கெடச்சிருக்கு, கி.பி. 893, வியாபாரி வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர் தகடூர்ல சமணப் பள்ளி கட்டுன சேதி. அதை எவனும் மேடையில பேசி நான் கேட்டதில்ல.

சூப்பர் மார்க்கெட் மேல மட்டும் பழி போடுறதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க பெரியப்பா கடை மாதிரி கடைங்க ஓடுனதே கடன்லதான். பென்னாகரம், பாப்பாரப்பட்டி பக்கம் இருந்து பஸ் ஏறி வர்றவங்க பருப்பு, எண்ணெய், மொளகா எல்லாம் கணக்குல எழுதச் சொல்லிட்டுப் போவாங்க, அப்புறம் மாசி பங்குனில புளி உலுக்கி, ஓடு ஒடச்சு, கொட்டை எடுத்து மண்டியில போட்ட காசு கைக்கு வந்ததும் மொத்தமா கட்டிட்டு மறுபடியும் புதுக் கணக்கு. அந்த மாதிரி நோட்டு ஒண்ணு பாத்திருக்கேன், நீட்டு நோட்டு, பாதிப் பக்கத்துல பேரே இருக்காது, "ஏரிக்கரை கண்ணாடிக்காரர்", "கட்டப்பை அம்மா சின்ன மருமக"ன்னுதான் இருக்கும். கடைக்காரருக்கு அது போதும்.

இப்ப வீட்டுக்கு ஒரு புள்ள ஓசூர்லயோ பெங்களூர்லயோ மாசச் சம்பளத்துக்குப் போயிடுச்சு, போன்ல பணம் வந்துடுது, புளிக் காசுக்குக் காத்திருக்கிற ஆளே கொறஞ்சுட்டாங்க, அப்புறம் டவுன் கடைக்கு எதுக்கு வரணும்? கடைக்காரர் மகனும் கல்லாவுல உக்கார மாட்டேன்றான். அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், காலையில ஷட்டரைத் தூக்குனா ராத்திரி வரைக்கும் நிக்கணும், யாருக்கு முடியும்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். 1790கள்ல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ இந்த பாராமகால்ல, அதாவது நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல, உக்காந்து போட்ட வரிக் கணக்கெல்லாம் புத்தகமாவே அச்சாகியிருக்கு. கடைக்காரர் போட்ட கணக்கும் அதே மாதிரி வரலாறுதான். பெரியப்பா நோட்டுங்க இன்னும் பரண்ல கெடந்தா எடைக்குப் போட்டுடாதீங்க, போன்லயாவது பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வைங்க, பேர் இல்லாத ஆளுங்க யார் யாருன்னு அவரையே கேட்டுப் பக்கத்துல எழுதிடுங்க. அதை இந்த வருசமே செஞ்சுடுங்க தம்பி.