கலையாத மேகங்கள்

கேள்வி: ஐயா, கிரி கிரி கடற்கரையில் ஒரு ராத்திரி மகனோடு நின்றிருந்தேன். தெற்கு வானில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். அவ்வளவு காற்றிலும் கலையவில்லை. "அது மேகம் இல்லை, காலக்ஸி" என்கிறான் மகன். உண்மையா? காலக்ஸி என்றால் எப்போதும் அப்படியேதான் இருக்குமா?
– ஒரு வாசகி, சுயாக், மொரீசியஸ்

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. காலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் பெருங்கூட்டம். பெயரில் மட்டும்தான் மேகம்: பெரிய மகெல்லன் மேகம், சின்ன மகெல்லன் மேகம். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரம் (ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம் ஒரு ஒளியாண்டு), சின்னது 2,00,000. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தொடுவானத்தை ஒட்டித்தான் கிடக்கும். இங்கே நன்றாக மேலே ஏறிவரும். கப்பலேறி வந்த நம் பாட்டன்மாருக்கு இந்தத் தீவு இலவசமாகக் கொடுத்தது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்படியே இருக்குமா என்றால், இருக்காது. 1987 மார்ச்சில் அந்தப் பெரிய மேகத்தில் அதுவரை இல்லாத ஒரு புள்ளியை வெறுங்கண்ணால் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்த வெளிச்சம். அப்படிச் சிதறியது வாயுவோடு கலந்துதான் அடுத்த நட்சத்திரங்கள் பிறக்கின்றன. நம் கரும்புத் தோட்டத்து மறுதாம்பு மாதிரி: வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும், ஆனால் வெட்ட வெட்ட மகசூல் குறையும். வாயு தீர்ந்துபோன காலக்ஸியில் நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் அணைந்துவிட, வயதான சிவப்பு நட்சத்திரங்களே மிஞ்சும். வெளியிலிருந்து வாயு வந்தால்தான் பிழைப்பு. பக்கத்துச் சின்ன காலக்ஸிகளை விழுங்குவதும் ஒரு வழி. நாம் இருக்கும் காலக்ஸியான பால்வீதியும் பலதை விழுங்கி வளர்ந்ததுதான். உங்கள் மேகங்கள் இரண்டும் ஒன்றையொன்று இழுத்ததில் வாயு நீண்ட வாலாக வெளியே வந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ தொலைநோக்கிக்குத்தான் தெரியும்.

நவம்பர் நடுவில், இரவு 9 மணிவாக்கில், விளக்கு இல்லாத இடத்தில் நில்லுங்கள். தெற்கே சின்ன மேகம். அப்படியே வடக்கே திரும்பினால் மங்கலாக ஒரு கறை: ஆண்ட்ரோமெடா காலக்ஸி, 25 லட்சம் ஒளியாண்டு. 450 கோடி ஆண்டில் அது நம் பால்வீதியோடு மோதியே தீரும் என்று வகுப்பில் அடித்துச் சொன்னவன் நான். 2025-இல் வந்த கணக்கோ, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோதலாம், மோதாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்கிறது. மோதல் தப்பிப்போக ஒரு காரணம், நீங்கள் பார்த்த அந்தப் பெரிய மேகத்தின் இழுப்பு!

அந்தக் கேள்வியைத் தேர்விலும் கேட்டிருக்கிறேன். "மோதாது" என்று எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், பாதி மதிப்பெண் தருகிறேன்.