கிரிஃபித் 500 விற்பனை: ஓட்டிப் பார்க்க மட்டும் வருபவர்களைத் தடுப்பது

உங்கள் கிரிஃபித் 500-ஐ, அதாவது டிவிஆர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கும் எண்ணமில்லாமல் ஓட்டிப் பார்க்க மட்டும் வருபவர்களைத் தடுக்க, விளம்பரத்தின் முதல் வரியிலேயே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது என்று போடுங்கள். பலர் அங்கேயே விலகிவிடுவார்கள்.

இப்போது உங்கள் டிவிஆர் விளம்பரத்தில் 340 குதிரைத்திறனும் வி8 சத்தமும்தான் முன்னால் நிற்கின்றன. "இருபது வயதுப் பையன்கள்தான் கூப்பிடுகிறார்கள்" என்கிறீர்களே, காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

போனில் பேசும்போது சேஸிஸ் அவுட்ரிகர் (அடிச்சட்டத்தின் பக்கவாட்டுத் தாங்கிகள்) துருவைப் பற்றி அவராகவே கேட்கிறாரா என்று கவனியுங்கள். இந்த வண்டியைத் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கெல்லாம் ஓட்டத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். முதலில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். அவர் பெயரில் காப்பீடு இருப்பதைப் பார்த்த அப்புறம்தான் சாவி. ஈரச் சாலையில் வேண்டவே வேண்டாம், பின்பக்கம் சட்டென்று சுழன்றுவிடும்.