கேரட் மூட்டையும் லிவர்பூல் முதலாளியும்: உங்கள் கேள்விகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் முதலாளி ஜான் டபிள்யூ. ஹென்றியைப் பற்றிப் போன வாரம் நாலு வரிதான் எழுதினேன், அதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. குன்னூரில் பகலெல்லாம் அடுத்தவர் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ராத்திரி பன்னிரண்டரைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேட்ச் பார்ப்பது என் வியாதி. இரண்டும் ஒரே ஆளிடம் வந்து முட்டுவதால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

இந்த ஆளுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பரம்பரைப் பணக்காரரா? (அரவேனு வாசகர்)

இல்லை. சோயா விவசாயி மகன். 1949இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர், சின்ன வயதில் ஆஸ்துமா, கல்லூரிப் படிப்பையும் முடிக்கவில்லை. அறுவடை வருவதற்குள் விலை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற விவசாயியின் பயம்தான் அவரைச் சோளம், சோயா முன்பேர வணிகத்துக்குள் (பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) இழுத்துப்போனது. அதில் கை தேறி 1981இல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்து, மற்றவர் பணத்தையும் வாங்கி நடத்தினார்.

எனக்குப் பிடித்தது அவருடைய முறை. விலை நாளைக்கு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். விலை ஏறத் தொடங்கியதா, வாங்கு. திரும்பிவிட்டதா, கொஞ்சம் நஷ்டமானாலும் அன்றைக்கே வெளியே வா. ஏன் ஏறுகிறது, யார் வாங்குகிறார்கள் என்ற ஆராய்ச்சியே கிடையாது. பத்தில் ஆறு தடவை தோற்றாலும் மீதி நாலில் பெரிதாக எடுத்துவிட்டால் போதும் என்கிற வகைக் கணக்கு. இப்படிப்பட்ட முறைக்கும் கெட்ட காலம் உண்டு. 2005க்குப் பிறகு அடி விழுந்தது, முதலீட்டாளர்கள் விலகினார்கள், 2012இல் வெளியார் பணத்தை நிர்வகிப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி (2002), லிவர்பூல் (2010) இரண்டும் கைக்கு வந்திருந்தன.

அண்ணா, நான் கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறேன். அவர் சோயாவுக்குச் செய்ததை நான் கேரட்டுக்குச் செய்ய முடியாதா?

வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான். உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். விடியுமுன் மெஷினில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை பிடித்து, லாரி ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கின பிறகுதான் அன்றைய விலையே உங்கள் காதுக்கு வருகிறது. ஹென்றி குடும்பத்துக்கு இருந்த வசதி என்னவென்றால், பயிர் நிலத்தில் நிற்கும்போதே இன்ன மாதம் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று சந்தையில் பூட்டிவைக்கலாம். விலை விழுந்தால் அங்கே லாபம் வந்து இங்கே நஷ்டத்தை அடைக்கும், ஏறினால் தலைகீழ். கேரட்டுக்கு நம்மிடம் அப்படி ஒரு சந்தையே இல்லை. பச்சைத் தேயிலைக்கும் இல்லை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விலையும் ஏலத்தில் ஏற்கெனவே போன விலையைப் பின்தொடர்ந்து வருவதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏறுகிற விலையின் பின்னால் ஓடும் அவருடைய முறையை நிலத்தில் செய்து பார்க்காதீர்கள். பூண்டு விலை ஏறியதென்று பார்த்து ஊரே பூண்டு போட்டால் என்னவாகும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவருக்கு விலை திரும்பினால் ஒரு போன் செய்து அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், ஊன்றின பூண்டிலிருந்து நாலு மாதத்துக்கு வெளியே வர முடியாது. இருக்கிற நிலத்தைப் பங்குபோட்டு மூன்று வாரம் தள்ளித் தள்ளி விதைப்பது, அதுதான் நம் கைக்கு எட்டின காப்பீடு.

லிவர்பூல் வாங்கியதில் அவருக்கு லாபமா நஷ்டமா?

வருஷ வரவு செலவைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது, சில வருஷம் நஷ்டம்கூட. வருவதெல்லாம் ஆட்டக்காரர் சம்பளத்துக்கே போகிறது. லாபம் இருப்பது சொத்தின் மதிப்பில். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரைக் கேளுங்கள், இலையில் ஒன்றுமில்லை என்பார், ஆனால் சமவெளியிலிருந்து காட்டேஜ் கட்ட ஆள் வந்து நின்றால் அந்த ஏக்கர் சொல்லும் விலையே வேறு. ஹென்றியின் குழு கொடுத்தது 30 கோடி பவுண்டு. 2021இல் தங்கள் தாய்க் கம்பெனியில் சுமார் 11 சதவீதத்தை மட்டும் விற்று 70 கோடி டாலருக்கு மேல் வாங்கினார்கள். அந்தக் கம்பெனியில் ரெட் சாக்ஸும் சேர்த்தி என்றாலும் கணக்கு புரிகிறதல்லவா?

வாங்கிய நேரமும் முக்கியம். முந்தைய முதலாளிகள் ஹிக்ஸும் ஜில்லெட்டும் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, வட்டி கழுத்தை நெரிக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். இந்த விலைக்கு விற்க மாட்டோம் என்று லண்டன் கோர்ட் வரை போய்த் தோற்றார்கள், 2010 அக்டோபரில் கை மாறியது. மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் 2005இல் வாங்கியதும் கடன் வழியில்தான், அந்தக் கடனின் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அடுத்தவன் வீட்டை அடமானம் வைத்து அந்த வீட்டையே வாங்குகிற மாதிரி. சட்டப்படி சரி. எனக்குப் பிடிக்காது.

கம்ப்யூட்டர் கணக்கு போட்டு ஆட்டக்காரர்களை வாங்குகிறார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. ஆரம்பத்திலேயே வெளுத்து வாங்கியதாக நினைக்காதீர்கள். 2011 ஜனவரியில் ஆண்டி கரோலை 3.5 கோடி பவுண்டுக்கு வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 2012இல் இயான் கிரஹாம் என்கிற இயற்பியல் முனைவரை ஆட்டக்காரர் புள்ளிவிவர ஆராய்ச்சிக்கு வைத்தார்கள், 2015இல் குளோப் பயிற்சியாளராக வந்தார், அப்புறம்தான் சக்கரம் சுழன்றது. 2018 ஜனவரியில் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்குப் பெரிய விலைக்கு விற்ற அதே மாதம் தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்தார், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசன். அடுத்த ஆண்டு ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2020இல் முப்பது வருஷம் கழித்து இங்கிலாந்து லீக் சாம்பியன் பட்டம். பாஸ்டனிலும் ரெட் சாக்ஸின் 86 வருஷக் கோப்பை வறட்சி 2004இல் தீர்ந்தது.

இவ்வளவு ஜெயித்தும் ரசிகர்கள் ஏன் திட்டுகிறார்கள்? (கூடலூர்)

டிக்கெட் விலை. 2016இல் புது ஸ்டாண்டில் 77 பவுண்டு என்று அறிவித்தார்கள். சண்டர்லேண்டு மேட்சில் சரியாக 77ஆவது நிமிடம் பத்தாயிரம் பேருக்குப் பக்கம் எழுந்து நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை, முடியும்போது 2-2! சில நாளிலேயே விலை உயர்வை வாபஸ் வாங்கி மன்னிப்பும் கேட்டார்கள். 2021இல் ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் சில சேர்ந்து தனியாகச் சூப்பர் லீக் என்று கிளம்பியபோதும் இதே கதை, ஹென்றியே வீடியோவில் வந்து தப்பு என்னுடையது என்றார். என் பார்வையில் இது அவருடைய பழைய தொழில் புத்திதான், விலை எதிராகத் திரும்பினால் அன்றைக்கே வெளியேறு. சரி, மனதார வருந்தினாரா என்றால், அது வேறு கேள்வி.

லிவர்பூல் பங்கு வாங்க முடியுமா?

முடியாது, பட்டியலிடப்படாத கம்பெனி. மான்செஸ்டர் யுனைடெட் பங்கு நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது. 2012இல் 14 டாலருக்கு வந்தது, பத்து வருஷம் கழித்தும் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. பாசம் என்றால் ஜெர்சி வாங்குங்கள், மலிவு.

நம் பக்கம் ஒரு கிளப் வர வாய்ப்பு உண்டா சார்? (கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஆடும் ஒரு தம்பி)

மலைக்குக் கீழேயே வந்துவிட்டுப் போயிருக்கிறது தம்பி. சென்னை சிட்டி எஃப்சி, பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று நானும் இரண்டு நண்பர்களும் பர்லியார் கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கிப்போய்ப் பார்த்தோம். முதல் கோல் எதிரணி மினர்வா பஞ்சாபுக்கு, பக்கத்தில் இருந்த பெரியவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கசக்கிக் கீழே எறிந்தார். முடிவில் 3-1, தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை நமக்கு. அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதம் பங்கு வாங்கியது. இரண்டே வருஷத்தில் அணி தேசிய லீக்கிலேயே இல்லை. இங்கே ஏறுகிற மதிப்பு என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை, டிவி பணமும் சொற்பம், அதனால் முதலாளி கைக்காசு தீரும்வரைதான் கிளப். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம், அந்த மூன்று கோலையும் மாறி மாறிப் பேசிக்கொண்டு.